பொழுதுக்குள் – 17: வேறு வீட்டு மூடி

போன வாரம் எங்கே விட்டோமோ அங்கேயேதான் நிற்கிறோம். பிராமி இன்னும் அம்மாவோடு பேசவில்லை. இன்று புதன்கிழமை, ஏழாவது நாள்.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்காக நாலு வரி. திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நேமிகுமாரின் மனைவி குசுமா. 'தமயந்தி விசாரிக்கிறாள்' என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்கு ஒன்பது வருடமாக வசனம் எழுதுகிறவள். திரையில் வரும் பெயர் மட்டும் பொன்னி. மூன்று மாதத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள், இதற்குப் போய்ச் சொந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அன்றைக்கு வைத்துக்கொண்ட பெயர். தொடர் முடிகிற வழியாக இல்லை.

தமயந்தி முதல் வருடம் சந்தேகப்பட்டவனை எல்லாம் அறைந்தாள். மூன்றாம் வருடம் அறைவதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள். நான்காம் வருடம் பார்க்கிறவர்கள் குறையத் தொடங்கியதும், திடீரென்று அவளுக்கு ஆறு வயதில் மகிழினி என்றொரு மகள் முளைத்தாள். தொலைக்காட்சியில் பிள்ளைகள் முருங்கை மரம் மாதிரி. ஐந்தே வருடத்தில் மகிழினி கல்லூரிக்குப் போய்விட்டாள்.

மகள் வந்த பிறகுதான் தமயந்தி மனுஷியானாள் என்று தொடரைப் பார்க்கிற வீடுகளில் பேச்சு. அது உண்மைதான். ஏனென்றால் மகிழினி திரையில் பேசியதெல்லாம் குசுமாவின் மகள் பிராமி தன் வீட்டில் பேசியது.

அதுவரைக்கும் பிராமிக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. போன புதன்கிழமை வந்த காட்சிதான் வினையாகப் போயிற்று.

காட்சி இதுதான். மகிழினி தினமும் தோழிகளோடு சேர்ந்து சாப்பிடுவதாகச் சொல்கிறாள். தமயந்தி சாப்பாட்டு டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் ஒருநாளாவது வேறு வீட்டு வாசனை வந்திருக்கிறதா, நீ படிக்கட்டுக்குக் கீழே தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாய் என்கிறாள். மகிழினி அழுகிறாள். பின்னணியில் வயலினும் அழுகிறது.

பிராமி அழவில்லை. எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள். விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. அம்மாவுக்குத் தெரியும் என்பதையே தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"நீ எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

*

காலை ஏழு மணிக்கு அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடுவில் நேமிகுமார் நின்றுகொண்டிருந்தார். இந்த ஏழு நாளாக அவர் நிற்கிற இடம் அதுதான்.

"அப்பா, ரெண்டாவது டப்பால இன்னா இருக்குன்னு கேளு" என்றாள் பிராமி, ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு.

எலுமிச்சம்பழ சாதம் என்று சொல்லச் சொன்னாள் குசுமா, அடுப்பைப் பார்த்தபடி.

நேமிகுமார் சொன்னார். முதல் இரண்டு நாள் இது அவருக்குத் தமாஷாகத்தான் இருந்தது. அப்புறம் தூக்கத்தில்கூட யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருப்பதுபோலக் கனவு வர ஆரம்பித்துவிட்டது.

"எனக்குப் பேஜாரா இருக்குமா. கடைல யாராவது குண்டான் இன்னா வெலைன்னு கேட்டா, இரு கேட்டு சொல்றேன்னு வாய்ல வருது" என்றார் மகளிடம். பிராமியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வெளியே வருமுன் இரண்டு டப்பாக்களையும் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

இரண்டு டப்பா எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். வெங்காயமும் பூண்டும் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. சாயந்திர ரயிலை நம்ப முடியாது என்பதால் ராத்திரிச் சாப்பாடும் காலையிலேயே மகளோடு புறப்பட்டுவிடும். அவள் அதை ரயிலிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவாள்.

குசுமா வாசல்வரை வந்து நின்றாள். மகள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். பிராமி திரும்பிப் பார்க்கவில்லை.

*

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து விருத்தாசலம் கூப்பிட்டார். தொடரின் கதைப் பொறுப்பு அவருடையது. கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

படிக்கட்டுக் காட்சி பிய்த்துக்கொண்டு போகிறதாம். அடுத்து அம்மாவும் மகளும் சேரும் காட்சி வேண்டுமாம், சாயந்திரம் ஐந்து மணிக்குள். ஆறு நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அஞ்சு மணிக்கு வரலன்னா, மகிழினியைக் கடத்திடலாம்னு டைரக்டர் சொல்றாரு மேடம். வேனெல்லாம் சொல்லியாச்சு."

இந்தத் தொடரில் மகிழினியை ஏற்கெனவே நாலு முறை கடத்தியாயிற்று. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம் வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். குசுமாவுக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. ஐந்து மணிக்குள் அனுப்புவதாகச் சொல்லி வைத்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எழுத ஒரு வார்த்தை இல்லை. மகிழினி என்ன பேச வேண்டும் என்பது பிராமிக்குத்தான் தெரியும். பிராமியோ வாயைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

*

விழுப்புரத்தில் மதிய இடைவேளை. வேதியியல் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, காலுடைந்த பெஞ்சில் பிராமி டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவளுடைய வகுப்பில் படிக்கும் ஆர்த்தி. விக்கிரவாண்டியில் ஏறி இறங்குகிற பெண். தினம் ஒரே ரயில், ஒரே பெட்டி. இதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை.

"உங்கம்மாதான பொன்னி?" என்றாள் ஆர்த்தி.

பிராமி டப்பாவை மூடப் போனாள்.

ஆர்த்தி தன் கண்டுபிடிப்பை நிதானமாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் தமயந்தி ஓடும்போது சோறு குழைந்தால்கூட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். தமயந்தி நடுராத்திரியில் திருடனைப் பிடிக்கிறாள், மழையில் ஓடுகிறாள், விடிய விடிய விசாரிக்கிறாள். ஆனால் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட இருட்டிய பிறகு சாப்பிட்டதில்லை. கல்யாண வரவேற்பில் எல்லோரும் பந்தியில் இருக்க, இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏதோ விரதம், என்றைக்காவது ஒருநாள் காரணம் சொல்வார்கள் என்று ஆர்த்தி வருடக்கணக்காகக் காத்திருந்தாள்.

"அப்புறம் காலேஜ் சேந்தேன். ரயில்ல பாத்தா, நீ ஜன்னல்ல சூரியனைப் பாத்துக்கினே ஜல்தி ஜல்தியா சாப்புட்ற. முண்டியம்பாக்கம் வர்றதுக்குள்ள டப்பா காலி. போன வாரம் படிக்கட்டும் வந்துச்சா, முடிஞ்சுது."

பிராமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவளும் யோசித்துப் பார்த்தாள். ஆமாம், தமயந்தி ராத்திரியில் சாப்பிட்டதே இல்லை. அம்மா திட்டம் போட்டு அப்படி எழுதியிருக்க மாட்டாள். மனிதர்கள் இருட்டிய பிறகும் சாப்பிடுவார்கள் என்பது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். ஊர் உலகத்துக் குற்றத்தையெல்லாம் கண்டுபிடிக்கிறவள் தன்னுடைய தடயத்தை இப்படி ஒன்பது வருடமாகத் தானே சிந்திக்கொண்டு போயிருக்கிறாள்.

ஏழு நாளில் முதல்முறையாகப் பிராமி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது.

"பாவம்னு நெனச்சு வந்து உக்காந்தியா?"

"அதெல்லாம் இல்ல. நானும் தனியாதான் சாப்புடறேன். நான் கேன்டீன்ல, கும்பலுக்கு நடுவுல உக்காந்து சாப்புடறேன். அதனால எங்கம்மா கண்டுபுடிக்கல" என்றாள் ஆர்த்தி. அதைச் சொல்லும்போது அவள் பிராமியைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தாள்.

பிராமி நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றைக்கு அந்தப் படிக்கட்டுக்குக் கீழே மூன்று வீட்டு டப்பாக்கள் திறந்தன. மூன்றாவது டப்பா யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பிராமி தன் வாயால் சொல்வதுதான் முறை.

*

திண்டிவனத்தில் மணி மூன்று. குசுமா அலமாரியிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டை எடுத்தாள். பிராமிக்கு ஒன்பது வயதிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிற நோட்டு.

முதல் பக்கத்தில், 'அம்மா, திருடனுக்கும் பசிக்கும்ல?' என்று இருந்தது. அதைத்தான் இரண்டாம் வருடம் தமயந்தி ஒரு திருடனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். பகலில்தான். அந்த ஒரு வரிக்காக எத்தனையோ பேர் பாராட்டினார்கள்.

இப்படி ஒரு நோட்டு எந்த அம்மா வைத்திருப்பாள் என்று குசுமா பெருமைப்பட்டதுண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டிக் கடைசிக் குறிப்புக்கு வந்தாள். 'டப்பாவில் வேறு வீட்டு வாசனை இல்லை. துப்பட்டா முதுகில் சுண்ணாம்பு. படிக்கட்டுக்குக் கீழே?' அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்திலேயே, இரண்டு கோடு போட்டு, 'நல்ல காட்சி'.

குசுமா அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்த நிமிஷத்தில் அவளுக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணினியைத் திறந்து, நிறுத்தாமல் எழுதினாள்.

காட்சியில் தமயந்தி மகளின் அறை வாசலில் நிற்கிறாள். உள்ளே போகவில்லை. 'ஊர்ல இருக்கிறவங்க மறைக்கிறதைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. நீ மறைச்சதைக் கண்டுபிடிச்சப்பவும் எனக்கு அதே சந்தோஷம் வந்துச்சு பாரு, அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கிறேன்.' மகிழினி பதில் சொல்லவில்லை. தமயந்தி கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் காட்சி.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அனுப்பினாள். விருத்தாசலம் உடனே கூப்பிட்டார்.

"பொண்ணு ஒரு வார்த்தைகூடப் பேசலயே மேடம்?"

"பேசமாட்டா சார். பேசறதும் பேசாததும் அவ இஷ்டம்."

டைரக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக விருத்தாசலம் போனை வைத்தார். குசுமா பேனாவை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு வார்த்தை எழுதி நோட்டை மூடினாள். அதுதான் அந்த நோட்டில் அவள் எழுதிய கடைசி வார்த்தை.

*

பிராமி வீட்டுக்குள் நுழையும்போது ஆறு அடித்தது. சூரியன் பின்வீட்டு வேப்பமரத்துக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது.

"அப்பா, பசிக்குதுன்னு சொல்லு."

எலுமிச்சம்பழ சாதம் என்னவாயிற்று என்று கேட்டார் நேமிகுமார். ரயிலில் அதை வேறு ஆட்கள் காலி செய்துவிட்டார்கள் என்றாள் பிராமி. அவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுப்பில் தோசைக்கல் ஏறிவிட்டது. கேப்பை மாவு கரைத்தது தயாராக இருந்தது. வேர்க்கடலை வறுத்த மல்லாட்டைச் சட்னி மத்தியானமே அரைத்தது. அடுத்த இருபது நிமிஷத்துக்கு இந்த வீட்டில் சண்டைக்கெல்லாம் நேரமில்லை.

தோசை வேகும் நேரத்தில் குசுமா பையிலிருந்து டப்பாக்களை எடுத்துக் கழுவப் போனாள். முதல் டப்பாவைத் திறந்தாள். வெங்காய வாசனை. நல்ல காரமான, சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் வாசனை.

அவள் பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்கு மூக்கைச் சுளித்துத்தான் பழக்கம். இன்றைக்கு டப்பாவை இன்னொரு தரம் முகத்தருகே கொண்டுபோனாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பிள்ளை இன்றைக்கு யாருடனோ உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் மூடியைப் பார்த்தாள். டப்பா அவர்களுடையது. மூடி அவர்களுடையது இல்லை. அவர்கள் மூடியில் 'நே. குசுமா' என்று வெட்டியிருக்கும். இதில் வேறு பெயர் இருந்தது. 'பா. தாண்டவராயன், மண்டகப்பட்டு.'

குசுமாவின் மூளை அவளைக் கேட்காமலே ஓட ஆரம்பித்தது. மண்டகப்பட்டு என்றால் ரயில் போகிற ஊர் இல்லை. தாண்டவராயன் என்பது அப்பாவாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம். பிள்ளை ஆணா பெண்ணா?

தண்ணீர் குடிக்க வந்த நேமிகுமார் மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் மலர்ந்தது. கடையில் வாங்கும் பாத்திரங்களுக்கெல்லாம் அவரே மெஷின் பிடித்துப் பெயர் வெட்டித் தருவார். தன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

"ஏய், இது நம்ம கடைல நான் வெட்டின பேரு. ஆவணி மாசம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கூட வந்தது யாருன்னா—"

குசுமா மாவுக் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க."

அவர் மீசையில் கேப்பை மாவு. ஒன்பது வருடமாக, பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரென்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் தூங்காத மனைவி, தானாக வந்து விழும் விஷயத்தை வேண்டாம் என்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய் இலை போட்டார்.

*

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பிராமியின் இலைக்குப் பக்கத்தில் நீல நோட்டு இருந்தது.

"அப்பா, இது இன்னான்னு கேளு."

"உன்னோடதுதான்" என்றாள் குசுமா நேராக. "உன் பேச்சு. உங்கிட்டயே இருக்கட்டும்."

பிராமி இடது கையால் புரட்டினாள். ஒன்பது வயது, பத்து வயது, பன்னிரண்டு. ஓரிடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் 'நல்ல காட்சி' என்பதைப் படித்தாள். முகம் இறுகியது. அதற்குக் கீழே இன்றைய மையில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. 'கேட்டிருக்கலாம்.'

பிராமி நோட்டை மூடினாள். ஒரு தோசையை முழுசாகத் தின்று முடித்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு, அடுப்பங்கரையிலிருந்து அந்த மூடியை எடுத்துவந்து பெயர் தெரியும்படி அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"இதைப் பாத்தியா?"

ஏழு நாள் கழித்து அம்மாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. நேமிகுமார் மெல்லுவதை நிறுத்தினார்.

"பாத்தேன்."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"அவருக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மீசைல மாவு வேற."

அந்த நேரம் பார்த்துக் குசுமாவின் கைப்பேசி மினுக்கியது. விருத்தாசலம் அனுப்பியிருந்தார். காட்சி டைரக்டருக்குப் பிடித்துவிட்டதாம், வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வாரத்துக்கு ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்: மகிழினியின் வாழ்க்கையில் ஒரு பையனைக் கொண்டுவரலாமா, கல்லூரியில், சாப்பாட்டு நேரத்தில்?

பிராமியும் தலையை நீட்டி அதைப் படித்துவிட்டாள். அவளுடைய காதுமடல் சிவந்தது. மூடியை இழுத்துக்கொள்ளக் கை நீண்டது.

குசுமா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கைப்பேசியை அணைத்தாள். எழுந்துபோய்க் கேப்பை மாவு டின்னைத் திறந்து, அதை உள்ளே போட்டு, டின்னை அழுத்தி மூடினாள். அது கெட்டுப்போகும் என்று நேமிகுமார் முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்து மகளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருட வசனகர்த்தா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"யாரும்மா அது? சொல்லணும்னு இருந்தா சொல்லு."

பிராமி ஜன்னலைப் பார்த்தாள். சூரியன் வேப்பமரத்துக் கிளைக்குள் இறங்கியிருந்தது.

"நீ இன்னும் சாப்புடலியே."

"பரவால்ல. நீ சொல்லு."

பிராமி கொஞ்ச நேரம் மூடியில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். முதலில் ரயிலிலிருந்து, அப்புறம் ஆர்த்தியிலிருந்து, இல்லை, அதற்கும் முன்னால் கல்லூரியின் முதல் நாளிலிருந்து. கையை ஆட்டிச் சொன்னாள், இடையில் சிரித்தாள், ஓரிடத்தில் குரல் இறங்கியது. தமயந்தி ராத்திரியில் சாப்பிடாத கதையைச் சொன்னபோது நேமிகுமாருக்குப் புரையேறியது. குசுமா குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மண்டகப்பட்டு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று இருந்தாள்.

மரத்துக்குப் பின்னால் பொழுது போய்விட்டது. நேமிகுமார் எழுந்து விளக்கைப் போட்டார். குசுமாவின் இலையில் இரண்டு தோசை ஆறிப்போய்க் கிடந்தது. இனி விடிந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. அதை அவர் ஜாடையாகக் காட்டினார். அவள் பார்க்கவே இல்லை. பிராமி பேசிக்கொண்டிருந்தாள்.